அப்சர்வர் அட்டையும் 85 கைகளும்

பயோமெடிக்கல் இன்ஜினீயரிங் படிக்கிறவர்களுக்கு நம் ஊரில் ஒரு நிரந்தரச் சங்கடம் உண்டு. கல்யாண வீட்டில் யாராவது "என்னம்மா படிக்கிறே?" என்று கேட்பார்கள். பதிலில் 'மெடிக்கல்' என்ற பகுதி காதில் விழுந்ததுமே, கேட்டவர் வேட்டியைத் தூக்கி முழங்காலைக் காட்டத் தொடங்கிவிடுவார். டாக்டருக்கு இல்லை மாமா, டாக்டர்கள் வைத்திருக்கும் கருவிகளைப் பற்றிப் படிக்கிறேன் என்று விளக்கினால் முழங்கால் மறையும். "அப்படின்னா வீட்ல ஒரு பி.பி. மிஷின் ஓடாம கெடக்கு, சாயங்காலம் வந்து பார்த்துடு" என்று அடுத்த வேண்டுகோள் வரும். டாக்டருக்கும் மெக்கானிக்குக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு பிழைப்பு இருக்கிறது என்று பந்தியில் உட்கார்ந்திருப்பவருக்குச் சொல்லி முடிப்பதற்குள் பாயசம் வந்துவிடும்.

சென்னையில் மூன்றாம் ஆண்டு முடித்த மாணவி ஒருத்தி, அந்த மூன்றாவது பிழைப்பை நேரிலேயே பார்த்துவிடலாம் என்று ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அப்சர்வர்ஷிப் கேட்டு எழுதிப்போட்டாள். ஆசை நியாயமானதுதான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2001-ல் தொடங்கிய பயோடிசைன் திட்டத்தில் முதல் வேலையே, வார்டிலும் ஆபரேஷன் தியேட்டரிலும் நின்று எங்கே எது சிக்குகிறது என்று கவனிப்பதுதான். சென்னை ஐ.ஐ.டி.யும் வேலூர் சி.எம்.சி.யும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிலையமும் சேர்ந்து நடத்தும் கிளினிக்கல் இன்ஜினீயரிங் படிப்பிலும் மாணவர்கள் ஆஸ்பத்திரிக்குள் காலம் கழித்தாக வேண்டும். இதையெல்லாம் விண்ணப்பத்தில் எழுதியிருந்தாள். யாரும் படித்ததாகத் தெரியவில்லை. அனுமதி மட்டும் வந்தது.

கழுத்தில் மாட்ட ஒரு அட்டை கொடுத்தார்கள்: 'அப்சர்வர்'. கூடவே வாய்மொழியாகச் சில கட்டளைகள். நோயாளியைத் தொடக்கூடாது. கேஸ் ஷீட்டில் எழுதக்கூடாது. தியேட்டரில் பச்சைத் துணி விரித்திருக்கும் எதன் பக்கமும் போகக்கூடாது. போட்டோ எடுக்கவே கூடாது. மிச்சமிருந்தது நிற்பதும் பார்ப்பதும். உட்காரலாமா என்று அவள் கேட்கவில்லை. உட்கார நாற்காலி இல்லாததால் அந்தக் கேள்வி எழவில்லை.

ரவுண்ட்ஸ் என்பதற்கு ஒரு ஊர்வல ஒழுங்கு உண்டு. சீஃப் முன்னால் போவார். பின்னால் அசிஸ்டென்ட், அவருக்குப் பின்னால் பி.ஜி.க்கள், பிறகு கையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளோடு ஹவுஸ் சர்ஜன்கள், ட்ராலி தள்ளும் சிஸ்டர், எல்லோருக்கும் கடைசியில் நம் அப்சர்வர். சீஃப் திடீரென்று திரும்பினால் மொத்த வரிசையும் ஒரு அடி பின்வாங்கும். அந்த ஒரு அடியின் முழு விளைவும் கடைசியில் நிற்பவளுக்குத்தான். பக்கத்துப் படுக்கைக்காரரின் ஹார்லிக்ஸ் டம்ளர் வரை போய் இடித்துக்கொள்வாள்.

ஆனால் கடைசி இடத்துக்கு ஒரு விசேஷம் இருப்பதை அவள் சீக்கிரமே கண்டுபிடித்தாள். சீஃப் கேட்கும்போது நோயாளி "பரவால்ல சார், நல்லாருக்கு சார்" என்பார். ஊர்வலம் அடுத்த படுக்கைக்கு நகர்ந்ததும், கடைசி ஆளின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து உண்மையைச் சொல்வார். "பாப்பா, ராத்திரி ரெண்டு தடவ மூச்சு முட்டிச்சு. பெரிய டாக்டர்கிட்ட எப்படிச் சொல்றது?" இன்னொருவர், "இங்கிலீஷ்ல என்னமோ சொல்லிட்டுப் போனாரே, வீட்டுக்கு அனுப்புவாங்களா மாட்டாங்களா?" என்பார். பதில் சொல்ல அவளுக்கு அதிகாரம் கிடையாது. ஹவுஸ் சர்ஜனை ஓடிப்போய்க் கூட்டிவருவதற்குத் தடை ஏதும் சொல்லியிருக்கவில்லை. ஒரு வாரத்தில் ஹவுஸ் சர்ஜன்கள் அவளைக் கண்டால் ஒதுங்கிப்போக ஆரம்பித்தார்கள்.

சிஸ்டர்கள் மட்டும் ஒதுங்கவில்லை. அவளுடைய படிப்பின் பெயர் தெரிந்த நிமிஷமே அவர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம். "அப்பாடா, பயோமெடிக்கலா! அஞ்சாம் பெட் மானிட்டர் காலையிலேருந்து கத்திக்கிட்டே இருக்கு, வந்து பாரு."

போய்ப் பார்த்தால் கோளாறு மிஷினில் இல்லை. கல்யாணமாகிச் சில நாளே ஆன ஒரு பெண். பத்து விரல் நுனியிலும் கருகருவென்று மருதாணி. பல்ஸ் ஆக்சிமீட்டர் என்பது விரலுக்குள் சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் அனுப்பி, மறுபக்கம் எவ்வளவு வந்து சேர்கிறது என்பதை வைத்து ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் கணக்கிடும் கருவி. ஜப்பானிய இன்ஜினீயர் டகுவோ அவோயாகி 1974-ல் முன்வைத்த யோசனை அது. நாம் வழக்கமாக அரைத்து வைக்கும் சிவப்பு மருதாணியால் அதற்குப் பெரிய தொந்தரவில்லை. கடையில் கூம்பில் விற்கும் கருப்பு வகைதான் ஒளியை விழுங்கிவிடுகிறது. "சிஸ்டர், க்ளிப்பைக் கால் விரலுக்கு மாத்திப் பாருங்களேன்" என்றாள். சிஸ்டர் மாற்றினார். 98 என்று வந்தது. கத்தல் நின்றது.

அதோடு அவளுடைய மானமும் போயிற்று. அன்று மாலைக்குள் ப்ளக் இருக்கிற எல்லாப் பொருளும் அவளிடம் வந்து சேர்ந்தன: இன்ஃப்யூஷன் பம்ப், சக்‌ஷன் மிஷின், டியூட்டி ரூம் கெட்டில், வார்டு பாயின் போன் சார்ஜர், ஃபேன் ரெகுலேட்டர். படித்ததில் எதுவும் இதற்கெல்லாம் உதவாது என்று அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

ரிப்பேர்காரராக மதிக்கப்படுவதில் வருத்தப்பட ஒன்றுமில்லை என்பதற்கு அமெரிக்காவில் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. மினியாபொலிஸ் நகரில் ஏர்ல் பாக்கன் என்று ஒரு எலக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங் மாணவர். மனைவி ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தார். மனைவியை அழைத்துவரப் போன இடத்தில் லேப்காரர்கள் இவரைப் பிடித்துக்கொண்டார்கள்: இதைக் கொஞ்சம் பாருங்கள், அதைக் கொஞ்சம் பாருங்கள். பார்த்துப் பார்த்துக் கடைசியில் 1949-ல் உறவினர் ஒருவரோடு சேர்ந்து ஒரு கராஜில் ரிப்பேர் கம்பெனியே திறந்துவிட்டார். பெயர் மெட்ரானிக்.

அந்தக் காலத்தில் இதய அறுவைக்குப் பிறகு சில குழந்தைகளுக்கு பேஸ்மேக்கர் வைக்க வேண்டியிருந்தது. அது ட்ராலியில் உட்கார்ந்திருக்கும் கனமான பெட்டி. சுவரில் இருக்கும் கரண்ட்டில் ஓடும். வயர் எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம்தான் குழந்தை போகலாம். 1957 அக்டோபர் 31 அன்று மினியாபொலிஸில் கரண்ட் போனது. அதிர்ந்துபோன இதய அறுவை நிபுணர் வால்டன் லில்லஹை, பேட்டரியில் ஓடுகிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா என்று தன் ரிப்பேர்காரரைக் கேட்டார். 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' பத்திரிகையில் சங்கீதக்காரர்கள் தாளத்துக்கு வைத்துக்கொள்ளும் மெட்ரோனோமுக்கு ஒரு சர்க்யூட் வந்திருந்தது பாக்கனுக்கு நினைவு வந்தது. டக் டக்கென்று சீராக ஒலிக்கிற அதே சர்க்யூட்டைக் கொஞ்சம் மாற்றி, உள்ளங்கையில் அடங்கும் பெட்டிக்குள் வைத்து, சில வாரங்களில் கொண்டுவந்து கொடுத்தார். விலங்குகளிடம் சோதிப்பதற்கென்று கொடுத்தது. மறுநாள் வந்து பார்த்தால் அது ஒரு குழந்தையின் உடம்போடு இணைக்கப்பட்டு வேலை செய்துகொண்டிருந்தது. இன்றைக்கு எந்த எதிக்ஸ் கமிட்டியிடமும் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

ஆபரேஷன் தியேட்டருக்குள் ரிப்பேர் வேலை கிடையாது. அங்கே நிற்பது மட்டும்தான், அதுவும் கைகளை மார்போடு கட்டிக்கொண்டு. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, இளையராஜா. சர்ஜன் மின்சாரத்தால் வெட்டும் டயாதெர்மியை அழுத்தினார், மெல்லிய புகை. அதே நொடியில் மானிட்டரில் அழகாக ஓடிக்கொண்டிருந்த ஈ.சி.ஜி. கோடு குழந்தை கிறுக்கிய சுவராக மாறியது. அப்சர்வருக்கு நெஞ்சு அடைத்தது. பாடப்புத்தகத்தில் இப்படிக் கோடு வந்தால் அடுத்த பக்கத்தில் ஷாக் கொடுக்கச் சொல்லியிருக்கும். மயக்க மருந்து டாக்டரோ தலையை நிமிர்த்தக்கூட இல்லை. சார்ட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். சர்ஜன் கையை எடுத்ததும் கோடு பழையபடி ஓடத் தொடங்கியது. டயாதெர்மியின் மின்சாரம் ஈ.சி.ஜி. வயர்களில் புகுந்து செய்யும் கலாட்டா அது.

"நீங்க பார்க்கவே இல்லையே மேடம்?"

"கேட்டுக்கிட்டுதானே இருந்தேன்" என்றார் அவர்.

பல்ஸ் ஆக்சிமீட்டரின் பீப் சத்தத்துக்குச் சுருதி உண்டு. ஆக்சிஜன் இறங்கினால் சுருதியும் இறங்கும். அது இறங்காதவரை ஸ்க்ரீனில் என்ன கூத்து நடந்தாலும் அவருக்குக் கவலையில்லை. இளையராஜாவுக்கு நடுவில் இன்னொரு சுருதியையும் பிடித்துக்கொண்டிருக்கும் அந்தக் காதுகளுக்காகவே ஒரு கருவி செய்யலாம் என்று தோன்றியது அவளுக்கு. தோன்றியதை நோட்டில் எழுதினாள். எழுதியதை இன்னும் அவளாலேயே படிக்க முடியவில்லை, தியேட்டர் ஏ.சி.யில் கை விறைத்திருந்தது.

பார்த்தது போதும், ஏதாவது செய் என்று கல்லூரி கைடு சொன்னார். இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு: ஓ.பி.யில் இருக்கும் தானியங்கி பி.பி. மிஷின் சொல்வதும் டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுச் சொல்வதும் ஒத்துப்போகிறதா? கேட்பதற்கு அரைமணி நேர வேலை போல இருந்தது. இதற்கு சர்வதேச விதி ஒன்று இருப்பதும், அது குறைந்தது 85 பேரிடம் அளக்கச் சொல்வதும் பிறகுதான் தெரிந்தது. சும்மா 85 பேர் போதாது. ஆண்களும் பெண்களும் இத்தனை சதவீதம், மேல் அளவு 160 அல்லது அதற்கு மேலே இத்தனை பேர், 100 அல்லது அதற்குக் கீழே இத்தனை பேர் என்று பந்திக்கு இலை போடுகிற கணக்கு. 160 பிரச்சினையே இல்லை, ஓ.பி. வாசலில் டோக்கனுக்கு நின்றாலே அது வந்துவிடும். 100-க்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் ஹாஸ்டல் மெஸ் சாப்பாட்டை முழுமூச்சாகப் புறக்கணித்து வந்த தோழிகள் சிலர் விஞ்ஞானத்துக்குக் கை கொடுத்தார்கள்.

அதற்கு முன் எதிக்ஸ் கமிட்டி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலின்படி அதில் 7 முதல் 15 பேர் வரை இருக்க வேண்டும், தலைவர் வெளியாளாக இருக்க வேண்டும், சட்டம் தெரிந்தவர் ஒருவர், மருத்துவமே தெரியாத பொதுஜனம் ஒருவர். டாக்டர்கள் புள்ளியியலில் நாலு கேள்வி கேட்டு அமர்ந்தார்கள். பொதுஜனம்தான் மாட்டிவிட்டார். "உங்க மிஷின் ஒருத்தருக்கு 190 காட்டுது. அவருக்கு அதுவரைக்கும் பி.பி. இருக்கிறதே தெரியாது. அப்போ ஆராய்ச்சி பண்ணிட்டு கும்பிடு போட்டு அனுப்பிடுவீங்களா?" விண்ணப்பத்தில் அதற்குப் பதில் இல்லை. அப்படிப்பட்டவரை அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று ஒரு பத்தி சேர்த்த பிறகுதான் அனுமதி கிடைத்தது. கடைசியில் பலருக்கு உபயோகப்பட்டது அந்த ஒரு பத்திதான்.

ஒப்புதல் படிவம் நான்கு பக்கம். பி.பி. பார்க்க நான்கு பக்கம் எதற்கு என்று எல்லோரும் கேட்டார்கள். "கையெழுத்து போட்டா காசு கட்டணுமா?" என்றார் ஒருவர். "கிட்னி எல்லாம் எடுக்க மாட்டீங்களே?" என்றார் இன்னொருவர், விளையாட்டாகத்தான், ஆனால் பேனாவை வாங்கவில்லை. படிக்கத் தெரியாதவருக்கு முழுவதையும் படித்துக் காட்டி, சம்பந்தமில்லாத ஒரு சாட்சியை வைத்துக் கைநாட்டு வாங்க வேண்டும். ஓ.பி. வரிசையில் சாட்சி சொல்ல வருகிறவர் தன் இடம் போய்விடுமே என்று வரமாட்டார். வந்தால் தனக்கும் பி.பி. பார்க்கச் சொல்வார்.

அலுத்துக்கொண்ட மாணவிக்கு, மைக்ரோபயாலஜியில் இருந்த மூத்த மேடம் ஒருவர் இதே சென்னையில் நடந்த ஒரு மாணவியின் கதையைச் சொன்னார். 1985 கடைசியில் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் செல்லப்பன் நிர்மலா என்ற முதுகலை மாணவிக்குப் பேராசிரியை சுனிதி சாலமன் ஒரு தலைப்பு தருகிறார்: எய்ட்ஸ் நம் ஊரில் இருக்கிறதா என்று பார். அதெல்லாம் மேல்நாட்டு வியாதி, இங்கே வராது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம். நிர்மலாவுக்கு 32 வயது, வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள். கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார். பாலியல் தொழில் செய்ததாகப் பிடிபட்ட பெண்களை வைத்திருந்த மயிலாப்பூர் காப்பகத்தில் அவர் ரத்தம் சேகரித்தார். மூன்று மாதத்தில் 80-க்கும் மேற்பட்ட மாதிரிகள். கையுறை கிடையாது. சேகரித்த சீரத்தை வைக்க லேபில் வசதி கிடையாது. வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தார். சோதிக்கும் வசதி வேலூர் சி.எம்.சி.யில்தான். 1986 பிப்ரவரியில் ஐஸ் பெட்டியோடு ராத்திரி ரயிலேறிக் காட்பாடியில் இறங்கினார். சோதனையில் ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. மறுபடி சோதித்தார்கள், அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள், உறுதியானது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்ற செய்தி ஒரு மாணவியின் ஆய்வேட்டுக்காக எடுத்த ரத்தத்திலிருந்துதான் நாட்டுக்குத் தெரியவந்தது. 1987-ல் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு அவர் தன் வேலைக்குத் திரும்பிவிட்டார். வெகுகாலம் அவரை யாரும் நினைக்கவும் இல்லை.

"அந்தப் பொண்ணுங்ககிட்ட எதைத் தேடறோம்னு அவங்க சொல்லல. அப்போ இந்த ஃபாரம் எல்லாம் ஏதும்மா? அதையும் நெனச்சுப் பாரு" என்று முடித்தார் மேடம். நான்கு பக்கப் படிவத்தைப் பற்றி அவள் அதன்பிறகு முணுமுணுக்கவில்லை. மனசுக்குள் மட்டும் இரண்டு பக்கமாக்க முடியுமா என்று யோசித்தாள்.

பி.பி. அளக்க விதி இருக்கிறது. முதுகு சாய்ந்து, கால்கள் தரையில் பட, கை இதயத்தின் மட்டத்தில் இருக்க, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பேசினால் அளவு ஏறும். கால் மேல் கால் போட்டாலும் ஏறும்.

"பாட்டி, அஞ்சு நிமிஷம் பேசாம இருக்கணும்."

"ஏன், யாராச்சும் தூங்குறாங்களா?"

"இல்ல பாட்டி, பேசினா பி.பி. ஏறும்."

"பேசலன்னாதான்டி எனக்கு ஏறும்" என்று சொன்ன பாட்டி, மருமகள் விஷயத்தை ஆரம்பித்து, கையில் சுற்றிய கஃப் ஊதி முடிகிறவரை நிறுத்தவில்லை. அந்த அளவு ஆய்வில் சேரவில்லை. அதில் ஒரு உண்மை இருந்தது என்பது வேறு விஷயம்.

ஸ்டெதஸ்கோப் பக்கம் இன்னும் வேடிக்கை. ஒரே நோயாளியின் கையை இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்டு, ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல் எழுத வேண்டும். வித்தியாசம் 4-க்கு மேல் போனால் அந்த அளவைத் தள்ளிவிட வேண்டும். இதற்காக இருவர் கேட்கும் ஸ்டெதஸ்கோப் ஒன்று உண்டு. மார்புத்துண்டு ஒன்று, காதுகள் இரண்டு ஜோடி. இரண்டு ஹவுஸ் சர்ஜன்கள் அந்த ஒரே குழாயில் கட்டுண்டு, பரீட்சை ஹாலில் போல ஆளுக்கொரு பக்கம் திரும்பி, கையால் மறைத்து எழுதிக்கொண்டிருப்பார்கள். ஒருவருக்கு போன் வந்து சட்டென்று எழுந்தால் மற்றவரும் கூடவே எழ வேண்டும். 1905-ல் ரஷ்ய டாக்டர் கொரோட்கோவ், கஃப்புக்குக் கீழே வைத்துக் கேட்டால் டொக் டொக் சத்தம் எப்போது தொடங்கி எப்போது நிற்கிறது என்பதை வைத்து பி.பி. சொல்லலாம் என்று அறிவித்த கட்டுரை ஒரு பக்கம்கூட வராது. அதைச் சரிபார்க்க இத்தனை பாடு.

ஓ.பி. ரெஜிஸ்டரைப் புரட்டியபோது இன்னொரு சங்கதி கிடைத்தது. 120, 130, 140, 130, 120. ஊரில் யாருக்கும் 126 இல்லை, 134 இல்லை. பாதரசக் கருவியில் 2 மி.மீ.க்கு ஒரு கோடு இருந்தும், கண் பக்கத்திலிருக்கும் பூஜ்யத்தைத் தேடிப் போய்விடுகிறது. உலகம் முழுக்க உள்ள பழக்கம்தான். ஆராய்ச்சிக்காரர்கள் இதைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். ஒரே ஒரு ஹவுஸ் சர்ஜன் மட்டும் 117, 123 என்று நுணுக்கமாக எழுதியிருந்தார். ஒற்றைப்படைக்குக் கோடே இல்லாத கருவியில் அவர் அதை எங்கே பார்த்தார் என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

வெள்ளைக் கோட்டு விவகாரம் தனி. இத்தாலியில் மான்சியா என்பவரின் குழு, நோயாளிகளின் ரத்தக் குழாய்க்குள்ளேயே அளக்கும் ஏற்பாட்டோடு பார்த்து 1983-ல் வெளியிட்ட ஆய்வில், டாக்டர் படுக்கை அருகே வந்ததுமே மேல் அளவு சராசரியாக 27 மி.மீ. எகிறியது. நர்ஸ் வந்தால் அதில் ஏறக்குறைய பாதிதான் என்று பிறகு கண்டார்கள். இதைப் படித்துவிட்டு மாணவி கோட்டைக் கழற்றி வைத்தாள். கோட்டு இல்லாமல் போனதும், "நீ யாரு? உன்கிட்ட எதுக்குக் கைய நீட்டணும்?" என்று கேட்டார்கள். மறுபடி மாட்டினாள். பி.பி. ஏறியதோ இல்லையோ, கை நீண்டது.

ஒருவழியாக 85 சேர்ந்தது. கணக்குப் போட்டால் மிஷின் மேல் பெரிய குற்றமில்லை. விதி அனுமதிக்கும் வித்தியாசத்துக்குள்தான் இருந்தது. சிக்கல் தனியாக ஒரு கூட்டத்திடம் இருந்தது: பருத்த புஜக்காரர்கள். ஓ.பி.யில் எல்லோருக்கும் ஒரே சைஸ் கஃப். பெரிய கையில் சின்ன கஃப்பைச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும் என்பது புதிதல்ல. பால்டிமோரில் செய்து 2023-ல் வெளியான ஆய்வு ஒன்றில், மிகப் பெரிய கஃப் தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரண கஃப் 19 மி.மீ.க்கு மேல் ஏற்றிக் காட்டியது. அவ்வளவு வித்தியாசம் இருந்தால், தேவையே இல்லாத ஒருவர் மாத்திரை விழுங்க ஆரம்பித்துவிடலாம்.

துறைக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது சீஃப் தலையாட்டினார். "நல்ல வேலை. உடனே பெரிய கஃப் வாங்கிடலாம்" என்றார். வாங்க மூன்று கம்பெனிகளிடம் கொட்டேஷன் வேண்டும் என்றது ஸ்டோர்ஸ். கொட்டேஷன் வாங்கும் பொறுப்பும் பயோமெடிக்கலுக்கே வந்தது. முதல் கம்பெனி கஃப்பைத் தனியாகத் தரமாட்டோம், மிஷினோடுதான் என்றது. இரண்டாவது ஒழுங்காக விலை அனுப்பியது. மூன்றாவது கம்பெனியிடமிருந்து நேற்றுத்தான் மெயில் வந்தது, ஸ்ட்ரெச்சர் விலையோடு. பெரிய சைஸ்தானே கேட்டிருந்தீர்கள் என்று கீழே ஒரு வரி.